இரு கைக்குள் அடங்கிய முகம்

புகைப்படம் இல்லாமல் நான் யாருடைய முகத்தையும் வரைவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதை ஒரு விதியாகவே வைத்திருந்தேன்.

வங்காளத்தில், சந்தன்நகரின் படகுத்துறைக்குப் போகும் சந்தில், ஹராதனின் டீக்கடைக்கு அடுத்த அறை என்னுடையது. வாசலில் ‘பென்சிலில் முகம் வரைந்து தரப்படும்’ என்று ஒரு பலகை தொங்கும். ஊரில் எல்லோருக்கும் நான் பாருல்தி, அதாவது பாருல் தீதி, பாருல் அக்கா. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிராத்தத்துக்காக வருகிறவர்கள். சணல் ஆலையின் அடையாள அட்டையிலோ, கல்யாணக் கூட்டப் படத்தின் மூலையிலோ, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு முகம் இருக்கும். அதை, மாலை போட்டாலும் மறையாத அளவுக்குப் பெரிதாக வரைந்து தர வேண்டும். கொடுக்கும்போது, "நிற்கிற ஆளோட கண் மட்டத்துக்கு மாட்டுங்க. மேலே தூக்கி மாட்டினா அவங்க உங்களை விட்டு விலகிப் போன மாதிரி இருக்கும்" என்று சொல்லி அனுப்புவேன்.

"பாருல்தி, உங்க கடைக்கு வர்ற மூஞ்சியெல்லாம் மேல போனது. என் கடைக்கு வர்றதெல்லாம் போகப் போறது. நடுவுல என் டீ ஒண்ணுதான்" என்பார் ஹராதன்.

"உங்க டீயைக் குடிச்சுத்தானே சீக்கிரம் என்கிட்ட வர்றாங்க" என்பேன் நான்.

தினமும் காலையில் முந்தைய நாள் ரொட்டியில் ஒரு துண்டை எனக்காக எடுத்துவைப்பார். அதன் வெள்ளைப் பகுதியை உருட்டிப் பிசைந்தால், தாளைக் காயப்படுத்தாமல் பென்சில் தூளை ஒற்றி எடுக்கும். நிழலுக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் எனக்கு அதுதான் கருவி. "பசிச்சவன் ரொட்டி தின்னு பார்த்திருக்கேன். மூஞ்சியத் தின்ற ரொட்டிய இங்கதான் பார்க்கறேன்" என்று அதையும் ஒரு நாள் விடாமல் சொல்வார்.

மழைக்காலத்தின் கடைசியான பாத்ர மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பிதிஷா வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். கையில், கல்யாணமானவர்கள் போடுகிற சங்கு வளையல். சேலை மார்பில் இரண்டு இடத்தில் ஈரமாக இருந்தது. மழை நனைத்துவிட்டது என்று நினைத்து உட்காரச் சொன்னேன்.

"படம் கொண்டுவந்திருக்கியாம்மா?"

"இல்ல."

"படம் இல்லாம நான் வரையறதில்ல. வீட்டுல தேடிப் பாரு. கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், ஏதாவது ஒண்ணு இருக்கும்."

"இருக்காது பாருல்தி. ஆறு மாசக் குழந்தை. எம் பொண்ணு. போய் இருபது நாளாச்சு."

அப்போதுதான் அந்த ஈரம் மழை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு எங்களில் சிராத்தம் கிடையாது. எரிப்பதும் இல்லை. ஆற்றோரத்தில் புதைத்துவிட்டு வந்து குளிப்பார்கள். மூன்றாம் நாள் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். அழுவதற்கென்று சாஸ்திரம் ஒதுக்கிவைத்த ஒரு நாள்கூட அந்தத் தாய்க்கு இல்லை. அதனால் அந்த வயதுக் குழந்தையின் படத்தைக் கேட்டு அதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.

"மாலை போட இல்ல பாருல்தி. எனக்கு மறந்துபோகுது." குரல் உடையாமல் இருக்க மெதுவாகப் பேசினாள். "நேத்து காலையில கண்ணு முழிச்சேன். காது ஞாபகம் வந்துச்சு. கண் இமை வந்துச்சு. முகம் வரல. எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தேன், வரவே இல்ல. இன்னும் ஒரு மாசம் போனா காதும் போயிடும். அப்ப அவ எங்கேயுமே இருக்க மாட்டா இல்லையா?"

நான் விதியைப் பேச வாயெடுத்தேன். விட்டுவிட்டு, தாளைப் பலகையில் குத்தினேன்.

"பேரு என்ன?"

"ரிம்லி. வீட்டுல கூப்பிடற பேரு. நல்ல பேரு ஏழாம் மாசம் சோறு ஊட்டற அன்னைக்கு வைக்கிறதா இருந்துச்சு. அன்னைக்கே ஸ்டூடியோக்காரரையும் வரச் சொல்லியிருந்தோம்."

முகம் வரைகிறவர்கள் முகத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் ஒரு முட்டை. மேலிருந்து கீழே நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. பெரியவர்களுக்குக் கண் சரிபாதியில் வரும். பழகாதவர்கள் நெற்றியை மறந்துவிட்டுக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். குழந்தைக்கோ கண் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். குழந்தை முகத்தில் பெரும்பங்கு நெற்றிதான். கண், மூக்கு, வாய் எல்லாம் கீழே ஒரு சின்ன முக்கோணத்துக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். மூக்குக்குக் கோடே போடக்கூடாது. கீழே இரண்டு துளி நிழல், நுனியில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். இதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். ரிம்லியை ரிம்லியாக்குவது எது என்று அவளுடைய அம்மாதான் சொல்ல வேண்டும்.

"கண்ணு எப்படி?"

"ரொம்பப் பெரிசு."

"உன்னுது மாதிரியா, அவங்க அப்பாவோடது மாதிரியா?"

"எல்லாரும் அப்பா மாதிரின்னு சொல்வாங்க. எனக்கு அப்படித் தெரியல."

"வாய்?"

"பூ மாதிரி இருக்கும்."

துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அன்பு நிறைய இருக்கும், அளவு இருக்காது. நான் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். மிருதுவான பென்சிலால் பூசி, காகிதச் சுருளால் தேய்த்து, கோடு என்று ஒன்று எங்கேயும் தெரியாதபடி செய்தேன். என் கைக்கே அது பிடித்திருந்தது.

பிதிஷா வந்து பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பால் பவுடர் டப்பா மேல இருக்கற குழந்தை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்திலிருந்து ஹராதன் எட்டிப் பார்த்தார், அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு ஒரு குவளைத் தண்ணீரை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது முறை அவளையே எதிரில் உட்காரவைத்தேன். தாய் முகத்திலிருந்து மகள் முகத்துக்கு இறங்கிப் பார்க்கலாம் என்று எண்ணம். தாடையைக் குறுக்கி, கன்னத்தை உப்பவைத்து, கண்ணைக் கீழே இறக்கினேன். அவள் பார்த்துவிட்டு, "இது நான்" என்றாள். அதுவும் சரிதான்.

மூன்றாம் முறை ஒன்று செய்தேன். "உனக்கு நல்லா ஞாபகம் இருக்கறதை மட்டும் சொல்லு. மத்தது எதுவும் வேண்டாம்" என்றேன்.

அவள் காதைச் சொன்னாள். மேல் மடல் கொஞ்சம் முன்பக்கம் மடிந்திருக்கும், ஓரத்தில் பூனை முடி, காதுக்குப் பின்னால் ஒரு பள்ளம். கன்னம் எப்படி வளைந்து வாயோரம் போய் அமுங்கும் என்று விரலால் காற்றில் போட்டுக் காட்டினாள். மூடின இமையின் முடிகளை எண்ணினவள் மாதிரி சொன்னாள். நான் போட்டுக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் தாளின் ஓரத்தில் ஒரு காதும், கன்னத்தின் ஒரு வளைவும் இருந்தன. பிதிஷா எழுந்து வந்து அந்தக் காதைத் தொட்டாள்.

"இது அவதான்."

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பால் கொடுக்கும் தாய் குழந்தையை மேலிருந்துதான் பார்க்கிறாள். மடியில் கிடக்கிற குழந்தையின் ஒரு கன்னம், ஒரு காது, மூடிய இமை, இவைதான் அவளுக்கு நாளெல்லாம் தெரியும். நேர் எதிராக முழு முகத்தை நிதானமாகப் பார்ப்பதற்கு அவளுக்கு வேளை வாய்ப்பதில்லை. இவள் மறக்கவில்லை. இவள் பார்த்த முகம் வேறு, நான் கேட்கிற முகம் வேறு.

"பிதிஷா, ரிம்லியைத் தினமும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினது யாரு?"

அவள் காதின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"காலை நீட்டி, காலு மேல மல்லாக்கப் போட்டுத்தானே குளிப்பாட்டுவாங்க. அவங்களுக்கு முகம் நேராத் தெரிஞ்சிருக்கும். அவங்களைக் கொஞ்சம் கூட்டிட்டு வா."

"பொர்தி" என்றாள் கடைசியில். கணவனின் அண்ணன் மனைவியை, ஓரகத்தியை, எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். பெரியக்கா. "அவங்க பேரை எடுக்காதீங்க."

பிறகு தானே எடுத்தாள். கேதகி என்று பேர். பதினாறு வருஷமாகக் குழந்தை இல்லை. ரிம்லிக்கு நாலு மாதம் ஆனபோது வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் கேமராவோடு வந்திருக்கிறார். பிதிஷா குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, கட்டிலில் உட்காரவைத்து, தலையணைகூடச் சாய்த்துவிட்டாள். கேதகி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சோறு ஊட்டுகிற நாளுக்கு முன்னால் படம் எடுக்கக்கூடாது, கண் பட்டுவிடும் என்று.

"கண் படுமாம்! யாரு கண்ணு பாருல்தி? வெளியிலேர்ந்தா வரணும்? பதினாறு வருஷம் வெறும் மடியோட உட்கார்ந்திருந்தவங்க நாளெல்லாம் அவளையே வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்களே, அது என்ன?" மூன்று விரலை நீட்டினாள். "மூணு நாள் காய்ச்சல். மூணே நாள். அந்த ஒரு படத்தையும் எடுக்க விடல. ரிம்லி போனதுலேர்ந்து நான் அவங்ககிட்டப் பேசல. அவங்ககிட்டக் கேட்டு வர்ற முகம் எனக்கு வேண்டவே வேண்டாம்."

குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அவள் பேச்சு தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் பால் கட்டின மார்போடு நிற்கிற ஒருத்தியிடம் நியாயம் பேசினால் அந்த நியாயத்துக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். அன்று விளக்கேற்றும்போது, குழந்தைகளைக் காக்கிற சஷ்டி அம்மாளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே துக்கத்தைத் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள், ஒரே இலையில் உட்காரவை என்று மட்டும் கேட்டேன்.

நான்கு நாள் கழித்து கேதகி தானாக வந்தாள்.

நாற்பது வயதைத் தாண்டியவள். நெற்றி வகிட்டில் குங்குமம், உள்ளங்கைகள் பெரியவை, விரல்கள் தடிமனானவை. வாசலிலேயே நின்றாள். ஹராதன் பக்கத்திலிருந்து, "உள்ள போங்க அண்ணி, பாருல்தி கடிக்க மாட்டாங்க. அவங்க ரொட்டிதான் கடிக்கும்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

"என் கொழுந்தன் சாப்பிடும்போது சொன்னார், இங்க ரிம்லி படம் வரையறாங்கன்னு." உள்ளே வந்து செருப்பை ஓரமாக விட்டாள். "நான் ஒண்ணும் கேட்க வரல தீதி. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். நெத்தியில இடது பக்கம் மைப்பொட்டு உண்டு. தினமும் நான் வைப்பேன். அது இல்லாம அவளை ஒரு நாளும் வெளியில கொண்டுவந்ததில்ல. படத்துலயும் பொட்டு இல்லாம விட்டுடாதீங்க."

"வேற?"

"வேற நான் என்ன சொல்றது? படம் எடுக்க வேண்டாம்னு சொன்ன வாயி இது."

பால் பவுடர் டப்பாக் குழந்தையையும், பிதிஷாவின் ஜாடையில் வந்ததையும் அவளிடம் காட்டினேன். பார்த்தாள், தலையசைத்தாள், இல்லை. காதைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"கேதகி, முகம் எப்படி இருக்கும்னு நீங்க வாயால சொல்ல வேண்டாம்" என்றேன். "எண்ணெய் தேய்க்க உட்காருவீங்களே, அப்படி உட்காருங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, காலை நீட்டினாள். நான் முக்காலியை அவள் தோளுக்குப் பின்னால் போட்டு, அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். காலின் மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தவுடன் அவள் முழங்கால்கள் தாமாகவே கொஞ்சம் நெருங்கி, நடுவில் ஒரு பள்ளம் செய்துகொண்டன.

"தலையைப் பிடிங்க."

அவள் இரண்டு கைகளையும் குவித்துக் காற்றில் நீட்டினாள். எத்தனை சின்ன இடைவெளி! என் தவறு அப்போது எனக்குத் தெரிந்தது. சிராத்தப் படங்களைப் பெரிதாக்கியே பழகிய கை, இந்தக் குழந்தையையும் மாலைக்கு ஏற்ற அளவில் பெரிதாக்கியிருந்தது. குழந்தை முகத்தை அந்த அளவுக்கு இழுத்தால் அதில் குழந்தை மிஞ்சுவதில்லை. புதுத் தாளை எடுத்து, அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்து, அதே அளவில் முட்டையைப் போட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா?"

"இல்ல. வலது பக்கம் பின்னால கொஞ்சம் தட்டை. அந்தப் பக்கமே படுப்பா. நான் தினமும் உருட்டி உருட்டி விடுவேன், திரும்ப அங்கயே போயிடும்." ஒரு கை குவிந்தபடியே இருக்க, மறு கை விரல்கள் லேசாகத் தட்டையாயின. முட்டையின் ஒரு பக்கத்தை ரொட்டியால் ஒற்றிக் குறைத்தேன்.

"நெத்தி?"

கட்டைவிரல்கள் இரண்டும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வழித்தன. பாதி வழியில் கொஞ்சம் மேடேறி இறங்கின. அந்த மேட்டை நான் பென்சிலால் தொடர்ந்தேன். மூக்குக்கு வந்தபோது, இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி இழுத்தாள்.

"நிமிரட்டும்னு தினமும் நூறு தடவை இழுப்பேன். நிமிரவே இல்ல. அவங்க அப்பா மூக்கு, மிதிச்ச பலாக்கொட்டை." முதன்முறையாக அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இடது புருவம் இருக்கே, அது மேல பார்த்து முளைச்சிருக்கும். எண்ணெய் தொட்டுக் கீழ படியவெப்பேன். துண்டால துடைச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி எழுந்து நிக்கும். பிடிவாதக்காரி."

அவள் கைகள் பேசிக்கொண்டே போயின. கன்னம் எங்கே உப்பும், எங்கே அமுங்கும், முகவாயின் அடியில் எத்தனை மடிப்பு, எந்த மடிப்பில் எண்ணெய் தேங்கும். நான் நிழலைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஹராதனின் ரொட்டியைக் கூராக உருட்டி, நெற்றி மேட்டிலும், மூக்கு நுனியிலும், கீழுதட்டிலும் ஒற்றி எடுத்தேன். எண்ணெய் பளபளப்பு வந்தது. கண்ணின் கருமணிகளில் ஒவ்வொரு பொட்டு வெள்ளையை விட்டேன். காதை மட்டும் பிதிஷா சொன்னபடியே கொண்டுவந்து பொருத்தினேன்.

"பொட்டு எவ்வளவு பெரிசு?"

கைகள் நின்றன.

"சின்னதாவே போடுங்க தீதி. நான் வைக்கறது பெரிசாப் போயிடும். அவ தினமும் திட்டுவா. ‘என்ன பொர்தி இது, ஈ உட்கார்ந்த மாதிரி! என் பொண்ணை மிட்டாய்க் கடையாக்கிட்டீங்களே’ன்னு." காற்றில் நின்ற கைகளை மடியில் இறக்கினாள். "கடைசி வாரம் அவ திட்டினதால கொஞ்சம் சின்னதா வெச்சேன். வழக்கம்போலப் பெரிசா வெச்சிருந்தா..."

"பொட்டோட அளவைப் பார்த்துட்டுக் காய்ச்சல் வர்றதில்ல கேதகி. சஷ்டி அம்மா அப்படிப்பட்டவ இல்ல."

"அப்ப ஏன் தீதி?"

  நான் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

படத்தை அவளிடம் கொடுத்தபோது, அவள் அதை வாங்கிக் காலின் மேல் வைத்துக்கொண்டாள். அழவில்லை. பொட்டுக்குப் பக்கத்தில், தாளில் படாமல், விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே படகு இரண்டு தடவை அக்கரை போய்வந்தது. பிறகு எழுந்து படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் வந்ததை அவகிட்டச் சொல்லாதீங்க. அவ சொன்னதை வெச்சு நீங்களே போட்டதா இருக்கட்டும். நான் தொட்டதுன்னு தெரிஞ்சா வாங்கிக்க மாட்டா. அவளுக்கு முகம் வேணும் தீதி. மத்ததெல்லாம் எதுக்கு?"

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள். தன் பங்கைத் தானே அழித்துக்கொண்டு பிறருக்குக் கொடுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் குடை சந்து திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரக் கடைசியில் பிதிஷா வந்தாள். குடைக்காக வந்தேன் என்றாள். குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் காதை மட்டுமாவது குடுங்க பாருல்தி. அது போதும். அதை வெச்சுக்கறேன்" என்றாள்.

நான் புதுப் படத்தை எடுத்துப் பலகையில் சாய்த்து வைத்தேன்.

அவள் கையிலிருந்து குடை நழுவியது. பக்கத்தில் வந்து, தாளின் இரண்டு பக்கமும் கைகளைக் கொண்டுபோய், அந்த முகத்தைச் சுற்றிக் குவித்தாள். முகம் சரியாக அடங்கியது.

"ரிம்லி" என்றாள். அடுத்த அறையில் தூங்குகிற குழந்தையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, மெதுவாக.

 ரவிக்கை மறுபடி நனைந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். இடது புருவத்தில் அவள் பார்வை நின்றது. நெற்றியின் எண்ணெய் வெளிச்சத்தில் நின்றது.

"இந்தப் புருவத்தை நான் உங்ககிட்டச் சொல்லலையே."

நான் காகிதச் சுருள்களை அடுக்கினேன்.

"எண்ணெய் தேய்ச்சு முடிச்சதும் இப்படித்தான் இருப்பா. நான் அடுப்படியில இருப்பேன். பொர்தி கூப்பிடுவாங்க, வந்து பாரு, உம் பொண்ணு பித்தளைச் செம்பு மாதிரி மின்னுறான்னு. ஒரு நாளும் உடனே போனதில்ல. கையில வேலை இருக்கும்."

 படத்தைத் தூக்கி எறிந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சத்தியம் செய்துகொடுத்த வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் குனிந்து பொட்டைப் பார்த்தாள். இன்னும் குனிந்து பார்த்தாள்.

"பொட்டு சின்னதா இருக்கு."

நான் நிமிர்ந்தேன்.

"பொர்தி வைக்கற பொட்டு இவ்வளவு சின்னதா இருக்காது. ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும்." பொட்டைச் சுற்றி விரலால் பெரிதாக ஒரு வட்டம் காட்டினாள். "நான் திட்டுவேன்னு சின்னதாப் போடச் சொல்லியிருக்காங்க. இல்லையா?"

 மேஜையிலிருந்து, இருப்பதிலேயே கறுப்பான பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பென்சில் பிடிக்கத் தெரியாத கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொட்டின் மேல் சுற்றிச் சுற்றி வரைந்தாள். ஒரு பக்கம் பிதுங்கி, கோணலாகி, அசல் ஈ மாதிரியே ஆகிவிட்டது. ரொட்டியால் சரி செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவங்களுக்கும் ஒரு நாள்கூட வட்டமா வந்ததில்ல" என்றாள். அப்போதுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். ஹராதன் அடுப்பைத் தணித்துவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றார். படகுக்கு அவசரமாகப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால், "போங்க, போங்க, இங்க ஒண்ணுமில்ல" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். சாஸ்திரம் அவளுக்கு ஒதுக்காத நாளை அந்த டீக்கடைக்காரர் ஒதுக்கிக் கொடுத்தார்.

முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு, படத்தின் அடியில் என்ன பேர் எழுத என்று கேட்டேன். ரிம்லி என்றே எழுதச் சொன்னாள். எழுதினேன். தாளைச் சுருட்டாமல், அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"சட்டம் போட்டு, நிற்கிற ஆளோட கண் மட்டத்துக்கு..." என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இல்ல பாருல்தி. இன்னும் கீழ இருக்கணும்" என்றாள். "எங்க பொர்தி நாற்காலியில உட்கார மாட்டாங்க. வேலை முடிஞ்சதும் காலை நீட்டித் தரையிலதான் உட்காருவாங்க. இப்பவும் அந்த வேளையில அப்படியே உட்கார்ந்திருக்காங்க, காலு மேல ஒண்ணும் இல்லாம. அங்கேர்ந்து பார்த்தா நேராத் தெரியணும். எவ்வளவு உயரம்னு சொல்லுங்க, ஆணி அடிக்கச் சொல்றேன்."

நான் சுவரோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, என் கண் மட்டத்தில் சுவரில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அங்கே வந்து நின்று, அந்த இடம் தன் உடம்பில் எங்கே வருகிறது என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். இடுப்புக்கு ஒரு சாண் கீழே வந்தது.

ஒரு வயதில் குழந்தை எழுந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதன் தலை வருகிற உயரம் அது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையை அங்கிருந்து எடுக்காமல், அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.